கடை ஜன்னலில் நாலு தொட்டி

லியோனி ட்ரான்டர் ஒரு வயலில் மருந்து அடித்துவிட்டுப் போனால், பத்து நாள் கழித்து அங்கே ஒரு பச்சை இலையைத் தேடினாலும் கிடைக்காது. டால்பி டவுனுக்கு மேற்கே எங்கள் பக்கத்தில் இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். பப்பில் அவளை ‘மொட்டையடிக்கிறவ’ என்பார்கள். அவளுக்கு அதில் கோபம் இல்லை. உள்ளூரப் பெருமைதான்.

நான் சொல்லும் சம்பவம் நடந்தபோது அவளுக்கு நாற்பத்தேழு வயது. முதலில் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். முப்பத்துமூன்று வயதில் அதை விட்டுவிட்டு மருந்து தெளிக்கும் வண்டி வாங்கினாள். மூவாயிரம் லிட்டர் டேங்க், விரித்தால் இருபத்துநான்கு மீட்டர் நீளும் இரண்டு கைகள், அவற்றில் வரிசையாக மருந்தைப் பீச்சும் நாசில்கள். கணவன் ரே வடக்கே நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்தான். இரண்டு வாரம் அங்கே, ஒரு வாரம் வீட்டில். குழந்தைகள் கிடையாது. வண்டியும் வயலுமாக அவள் நாள் போயிற்று.

டவுனில் விவசாய இயந்திரக் கடையின் உதிரிபாகக் கவுன்டரில் நான் வேலை பார்த்தேன். செவ்வாய்க்கிழமை தவறாமல் வருவாள். ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் நாசில்களைப் போட்டுக் கொண்டுவந்து கவுன்டரில் கொட்டுவாள். ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு எவ்வளவு தண்ணீர் விடுகிறது என்று வீட்டிலேயே குவளை வைத்து அளந்து பார்த்திருப்பாள். கொஞ்சம் தேய்ந்திருந்தாலும் மாற்றிவிடுவாள். “இது இன்னும் ஒரு சீசன் வருமே” என்று நான் சொன்னால், “வரும். ஆனா மருந்து சீரா விழாது, வயல்ல கோடு கோடா களை நிக்கும். அப்புறம் நெவில் என் உயிரை எடுப்பார்” என்பாள்.

நெவில் கிரைங்கிதான் அவளுடைய முதல் வாடிக்கையாளர். அவர் அவளைவிடப் பதினான்கு வயது மூத்தவர். அவருடைய பிள்ளைகள் அவள் ஓட்டிய பேருந்தில்தான் பள்ளிக்கூடம் போனார்கள். ரயில் பாதையை ஒட்டி அவருக்கு நூற்றறுபது ஹெக்டேர் கரிசல், ஒரே துண்டாக. அதில் கடைசியாகச் சோளம் அறுத்தது 2006 மே மாதம். அதற்குப் பிறகு விதைக்கிற அளவுக்கு மழை இல்லை. தூறல் மட்டும் வரும். தூறினால் களை முளைக்கும். முளைத்த களை மண்ணுக்குள் இருக்கிற கொஞ்ச ஈரத்தையும் குடித்துவிடும் என்று நெவில் பதறுவார்.

“ஒரு பச்சை தெரியக் கூடாது, லியோனி. இருக்கற ஈரத்தை நான் பூட்டி வச்சிருக்கேன். சாவி உன் கையில இருக்கு” என்பார்.

அவளும் போவாள். பத்தொன்பது மாதத்தில் பதினோரு முறை அந்த வயலில் மருந்து அடித்தாள். கிழக்கு வேலி ஓரம் முப்பது மீட்டரை மட்டும் விட்டுவிடுவாள். வேலிக்கு அந்தப் பக்கம் ஒருவர் தேன்பெட்டிகள் வைத்திருந்தார். அந்தத் துண்டில் களை முழங்காலுக்கு வளரும். விதை கட்டுவதற்கு முன்னால் வந்து, மட்டமாக வெட்டிவிட்டுப் போவாள். நெவிலுக்கு அதைப் பார்த்தாலே எரியும். “தேனீக்காரனுக்காக என் ஈரம்ல போகுது” என்று முணுமுணுப்பார்.

2008 ஜனவரியில் ஒருவழியாக மழை கொட்டியது. நெவில் வயல் முழுக்க, அந்த வேலியோரத் துண்டையும் சேர்த்து, பாசிப்பயறு விதைத்தார். முளைப்பு நன்றாக இருந்தது. அந்த வாரம் கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் சிரித்த முகமாகவே வந்தார்கள்.

பிப்ரவரி முதல் வாரத்தில் லியோனிக்கு நெவிலிடமிருந்து போன் வந்தது. “ரயில் பாதை வயலுக்கு வா. இப்பவே வா” என்றார். உடனே போனை வைத்துவிட்டார்.

அவள் போனபோது நெவிலும் அவர் மனைவி குவென்டாவும் பிக்கப் வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். குவென்டா வணக்கம் சொல்லவில்லை. நெவில் வயலைக் கையால் காட்டினார்.

நாலு வாரப் பயிர் கணுக்கால் உயரம்கூட இல்லை. இலை நரம்பு மட்டும் பச்சையாகவும் நடுவெல்லாம் வெளிறிய மஞ்சளாகவும் இருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை அப்படித்தான். ஆனால் கிழக்கு வேலி ஓரம் மட்டும் முழங்கால் உயரத்துக்குக் கரும்பச்சையாகப் பயறு நின்றது. நல்ல பயிருக்கும் நோஞ்சான் பயிருக்கும் நடுவில் கயிறு பிடித்த மாதிரி ஒரு நேர்கோடு. அவளுடைய வண்டியின் கை எந்த இடத்தில் நின்றதோ, அதே இடம்.

“நீ அடிக்காத இடத்துல பயிர் நிக்குது. அடிச்ச இடத்துல சாகுது. நான் வேற ஏதாவது சொல்லணுமா?” என்றார் நெவில்.

லியோனி ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தாள். வேர் இருந்தது. அழுகல் இல்லை, பூச்சி இல்லை. “நான் அடிச்ச மருந்து விதைக்கறதுக்கு முன்னாடியே மண்ணுல செத்திருக்கும். பயறைத் தொடாது” என்றாள்.

“என் வயலுக்குன்னு வாங்கின மருந்து தொடாது. அதுக்கு முன்னாடி யார் வயலுக்கு எதை அடிச்ச? டேங்க்ல என்ன மிச்சம் இருந்தது?”

அதைக் கேட்டதும்தான் அவளுக்கு இன்னொரு மருந்து நினைவுக்கு வந்தது என்று பின்னால் என்னிடம் சொன்னாள். கோதுமைக்கு அடிக்கும் ஒரு களைக்கொல்லி உண்டு. ஹெக்டேருக்கு ஒரு தேக்கரண்டிகூட வேண்டாம். கோதுமையை ஒன்றும் செய்யாது. பயறு குடும்பத்துக்கு அது எமன். எங்கள் கரிசலில் மாதக்கணக்கில் தங்கவும் செய்யும். டேங்கைச் சரியாகக் கழுவாமல் அடுத்த வயலுக்குப் போனால் அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் அவள் சமையல் மேஜையில் தெளிப்புக் குறிப்பேட்டைப் பிரித்தாள். ரே அந்த வாரம் வீட்டில் இருந்தான். நவம்பர் பன்னிரண்டு: வேறொருவர் வேலியோரத்தில் மண்டிய புதர்ச்செடிகளைக் கொல்ல அந்தக் கோதுமை மருந்து. நவம்பர் பதினான்கு: நெவில் கிரைங்கி, ரயில் பாதை வயல். நடுவில் ‘டேங்க் கழுவியது’ என்று ஒரு கட்டம். மற்ற எல்லாப் பக்கத்திலும் அதில் டிக் இருந்தது. அந்தப் பக்கத்தில் மட்டும் இல்லை.

“கழுவினியா?” என்று ரே கேட்டான்.

“கழுவியிருப்பேன்.”

“கழுவினியா, இல்லையா?”

“மூணு தடவ கழுவறதுதான் என் வழக்கம். அன்னிக்குக் கழுவின ஞாபகம் வரல. கழுவாத ஞாபகமும் வரல.”

ரே மேஜையில் கிடந்த பேனாவை அவள் பக்கம் தள்ளினான். “பதினாலு வருஷமா டிக் போட்டிருக்க. ஒண்ணு விட்டுப் போச்சு. இதுல பொய் என்ன இருக்கு?”

“இப்பப் போட்டா பொய்தான்.”

“நாளைக்கு லைசென்ஸ் போச்சுன்னா அந்த உண்மைய வச்சுக்கிட்டு என்ன பண்ணுவ? திரும்ப பஸ் ஓட்டுவியா?”

அவள் பேனாவைத் தொடவில்லை. மறுநாள் காலை குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு நெவில் வீட்டுக்குப் போனாள். சமையலறை மேஜையில் பிரித்து வைத்து அந்தக் காலிக் கட்டத்தை விரலால் காட்டினாள். நெவில் அதையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குவென்டாவைக் கேமரா எடுத்துவரச் சொன்னார். லியோனி பக்கத்தைப் பிடித்துக்கொள்ள, குவென்டா படம் எடுத்தாள்.

“நீங்க பாக்கணும்னுதான் கொண்டுவந்தேன்” என்றாள் லியோனி. “ஆனா ஒண்ணு கேளுங்க. உங்க வயலுக்கு நாலு டேங்க் ஆகும். டேங்க்ல பழைய மருந்து இருந்திருந்தா முதல் டேங்க்ல அதிகமாப் போயிருக்கும், ரெண்டாவதுல குறைஞ்சிருக்கும், நாலாவது கிட்டத்தட்டச் சுத்தமா இருந்திருக்கும். நான் எப்பவும் மேற்கே ஆரம்பிச்சு கிழக்கே முடிப்பேன். மேற்கேயும் கிழக்கேயும் பயிர் ஒரே மாதிரி கிடக்கு. அது எப்படி?”

“அதை வக்கீல்கிட்ட சொல்லு” என்றார் நெவில்.

வக்கீல் நோட்டீஸ் அந்த வாரமே வந்தது. இன்சூரன்ஸ்காரர் ஒருவர் வந்து வயலைச் சுற்றிவிட்டு, குறிப்பேட்டின் அந்தப் பக்கத்தை மட்டும் நகல் எடுத்துக்கொண்டு போனார். வெள்ளிக்கிழமைக்குள் மூன்று பேர் லியோனிக்குப் போன் செய்து, இந்த சீசனில் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். ஒருவர் போன்கூடச் செய்யவில்லை. அவர் வயலில் வேறொரு வண்டி ஓடுவதை அவளே ரோட்டிலிருந்து பார்த்தாள். அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் கடைக்கு வந்தபோது கவுன்டரில் பேசிக்கொண்டிருந்த இரண்டு பேர் பேச்சை நிறுத்தினார்கள். ஒருவர் மட்டும், “வா லியோனி. இப்ப பயறுக்கும் மொட்டை போட ஆரம்பிச்சிட்டியாமே” என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவள் நாசில் டப்பாவைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவளைத் தூங்கவிடாமல் செய்தது அந்த நாலு டேங்க் கணக்குதான். அதை யாரிடமாவது சொல்லியாக வேண்டும். டூவூம்பாவில் அரசாங்க ஆராய்ச்சி நிலையத்துக்குப் போன் செய்தாள். நாலு பேர் கை மாறி, கடைசியில் ஜூடித் அப்லின் என்பவர் பேசினார். மண்ணில் வாழும் பூஞ்சைகளைப் பற்றி இருபது வருடமாக ஆராய்ந்துவருபவர். லியோனி எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அவர் கேட்டது ஒரே கேள்வி. “அந்த வயல்ல எவ்வளவு நாளா ஒண்ணும் வளரல?”

“பத்தொன்பது மாசம்.”

“ஒண்ணுமே?”

“ஒண்ணுமே. நான் அடிச்ச வயல்ல எதுவும் வளராது.”

“நாளைக்கு வர்றேன். அந்தக் கிழக்கு ஓரத்துல ஒரு செடிகூடப் பிடுங்க வேண்டாம்னு சொல்லுங்க” என்றார் ஜூடித்.

ஜூடித் ஒடிசலான பெண்மணி. தலையில் பெரிய துணித் தொப்பி. நெவில் அவரை வரவேற்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. ஜூடித் இரண்டு இடத்திலும் செடிகளை மண்ணோடு தோண்டி எடுத்து வேரைக் கழுவினார். பிக்கப்பின் பின்பலகையே அவருக்கு மேஜை. சின்ன அடுப்பில் வேர்களைக் கொதிக்க வைத்து, பேனா மையும் வினிகரும் கலந்த தண்ணீரில் ஊறப்போட்டார். வீட்டில் ஊறுகாய் போடுகிற மாதிரி வாசனை. பிறகு கையோடு கொண்டுவந்த மைக்ராஸ்கோப்பில் வைத்து லியோனியைக் கூப்பிட்டார்.

முதலில் வேலியோரச் செடியின் வேர். உள்ளே நீல இழைகள், நூல்கண்டு பிரிந்த மாதிரி வேர் முழுக்க ஓடின. அங்கங்கே நீலக் குமிழிகள். “இதுதான் வேர்ப்பூஞ்சை. வேருக்குள்ள குடியிருக்கும். இழையை வெளியே மண்ணுக்குள்ள நீட்டும். வேர் எட்டாத இடத்துலேர்ந்து பாஸ்பரஸ், துத்தநாகம் எல்லாம் கொண்டுவந்து செடிக்குக் குடுக்கும். செடி அதுக்குச் சர்க்கரை குடுக்கும்” என்றார் ஜூடித்.

அடுத்து நடுவயல் செடியின் வேர். வெறும் கண்ணாடிக் குழாய் மாதிரி இருந்தது. ஒரு இழைகூட இல்லை.

நெவிலும் குனிந்து பார்த்தார். நிமிர்ந்ததும், “அப்போ பூஞ்சையையும் இவ மருந்துதான் கொன்னிருக்கு. அதையும் சேர்த்து எழுதுங்க” என்றார்.

“அது எனக்கு இன்னும் தெரியாது. கோதுமை மருந்து மண்ணுல இருந்தாலும் பயிர் இப்படிக் குட்டையாகும். அந்த மருந்தாலயா, பூஞ்சை இல்லாததாலயான்னு பாக்க ஒரு வழி இருக்கு. உங்க ரெண்டு பேர் வீட்லயும் வேண்டாம். பொதுவா ஒரு இடம் சொல்லுங்க” என்றார் ஜூடித்.

அப்படித்தான் நாலு செடித் தொட்டிகள் எங்கள் கடை ஜன்னலுக்கு வந்தன. நாலு தொட்டியிலும் நடுவயல் மண். அதை நெவிலே தோண்டிக் கொண்டுவந்தார். முதல் தொட்டியில் வேறெதுவும் இல்லை. இரண்டாவதில் கரித்தூள். மண்ணில் களைக்கொல்லி மிச்சம் இருந்தால் கரி அதை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், பயிர் தேறும் என்றார் ஜூடித். மூன்றாவதில் வேலியோர மண் இரண்டு கைப்பிடி. நாலாவதில் அதே வேலியோர மண் இரண்டு கைப்பிடி, ஆனால் பிரஷர் குக்கரில் அவித்தது. அதில் சத்து இருக்கும், உயிர் இருக்காது. எல்லாத் தொட்டியிலும் ஒரே மூட்டை விதையிலிருந்து ஐந்தைந்து பயறு. வடக்குப் பார்த்த ஜன்னல்; பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கும் எங்கள் ஊரில் சூரியன் வடக்கே சாய்ந்து போவதால் நாள் முழுக்க வெயில் விழும். தண்ணீர் ஊற்றுவது என் வேலை. சாவி என்னிடம் மட்டும்.

“இரண்டாவது தொட்டி எழுந்தா, டேங்க் தப்பு. நீங்க கேஸ் போடலாம்” என்றார் ஜூடித் நெவிலிடம். “மூணாவது மட்டும் எழுந்தா, வேற கதை.”

“ஒண்ணும் எழலைன்னா?” என்றாள் லியோனி.

“ஒண்ணும் எழலைன்னா எனக்கும் தெரியல.”

முதல் வாரத்தில் டவுனே ஜன்னலுக்கு வந்துவிட்டது. பேக்கரிக்குப் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். பப்பில் பீர் பந்தயம் ஓடியது. பெரும்பாலோர் இரண்டாவது தொட்டி மேல்தான் கட்டினார்கள். கடைக்குள்ளே வந்து என்னிடம், “கரித் தொட்டிக்கு ஒரு கை கூடத் தண்ணி விடேன்” என்று கேட்டவனும் உண்டு. அன்று முதல் நான் அளவுக் குவளையில்தான் ஊற்றினேன், அதுவும் நெவில் வந்து நிற்கும் நேரத்தில். அவர் தினமும் ஒன்பது மணிக்கு வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

இரண்டாவது வாரம் நாலும் ஒரே உயரம். மூன்றாவது வாரமும் அப்படியே. நாலிலும் இலை மஞ்சளாகத் தொடங்கியது. லியோனி அதுவரை தெருவின் எதிர்ப்பக்கம் நின்று பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தாள். மூன்றாவது வாரக் கடைசியில் அதையும் நிறுத்திவிட்டாள்.

சனிக்கிழமை நான் அவள் வீட்டுக்குப் போனேன். ஷெட்டில் வண்டியை நிறுத்தி, பிரஷ் வைத்து டேங்கைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அது ஏற்கெனவே பளபளவென்று இருந்தது.

“திங்கக்கிழமை ஒருத்தர் வண்டியைப் பாக்க வர்றார். ரே ஏற்பாடு பண்ணினான்” என்றாள்.

“ஜூடித் ஆறு வாரம்னு சொன்னாங்களே.”

“அவங்க அவங்க வேலையைச் சொன்னாங்க. எனக்கு என் வேலை தெரியும். அந்த நவம்பர் மாசம் எனக்கு ஜுரம். மூணு நாள் ஜுரத்தோட வண்டி ஓட்டினேன். யார்கிட்டயும் சொல்லல. கழுவாமப் போயிருக்கலாம்.” பிரஷைக் கீழே வைத்துவிட்டு சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தாள். “நெவிலுக்கு ரெண்டு வருஷமா அறுவடை இல்ல. குவென்டா ஆஸ்பத்திரி சமையல்ல வேலைக்குப் போறாங்க. நான் பண்ணியிருந்தா, பண்ணினதுதானே. ஒத்துக்கிட்டுப் போயிடலாம்னு இருக்கு.”

“திங்கக்கிழமை வர்ற ஆளை ஒரு வாரம் தள்ளிப் போடு” என்றேன்.

அவள் மறுபடியும் பிரஷை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினாள். ஆனால் தள்ளிப் போட்டாள்.

புதன்கிழமை காலை ஷட்டரைத் தூக்கும்போது எனக்குச் சந்தேகமாக இருந்தது. மூன்றாவது தொட்டியில் புதிதாக விரிந்த இலை மற்றதைவிடக் கொஞ்சம் கரும்பச்சையாக இருந்தது. வெயில் விழுகிற வாக்காக இருக்கும் என்று தொட்டிகளை இடம் மாற்றி வைத்தேன். வெள்ளிக்கிழமை சந்தேகம் போய்விட்டது. அடுத்த புதன்கிழமைக்குள் மூன்றாவது தொட்டி மற்றவற்றைவிட ஒரு சாண் உயர்ந்து, ஜன்னல் சட்டத்தைத் தொட்டது. கரித் தொட்டி அப்படியே குந்திக்கொண்டிருந்தது. அவித்த மண் போட்ட தொட்டியும் அப்படியே.

ஒன்பது மணிக்கு நெவில் வந்தார். நான் குவளையோடு நின்றேன். அவர் ரொம்ப நேரம் நின்றார். “கரித் தொட்டில கரி நிஜமாவே போட்டாங்களா?” என்றார்.

“நீங்க பக்கத்துலதானே நின்னீங்க, நெவில்.”

“ஆமா” என்றார். தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டு வெளியே போனார்.

மார்ச் கடைசியில் ஜூடித் வந்து எல்லார் முன்னாலும் தொட்டிகளைக் கவிழ்த்தார். கடைக்குள் இருபது பேராவது இருந்தார்கள். லியோனி கதவோரம் நின்றாள். ரேயும் வந்திருந்தான். கவுன்டரில் பழைய செய்தித்தாள் விரித்து, நாலு வேரையும் வரிசையாக வைத்து, மையில் போட்டுப் பார்த்தார். மூன்றாவதில் மட்டும் நீல இழை.

“இந்த வயல்ல பயறைக் குட்டையாக்கினது டேங்க்ல இருந்த மருந்து இல்ல” என்றார் ஜூடித். “நவம்பர்ல டேங்க் கழுவினாங்களான்னு எனக்குத் தெரியாது. ஆனா அந்த மருந்து மிச்சம் இருந்திருந்தா கரித் தொட்டி கொஞ்சமாவது தேறியிருக்கணும். தேறல.”

“அப்போ பூஞ்சையைக் கொன்னது எது?” என்றார் நெவில்.

“இவங்க அடிச்ச அளவுக்கு அந்த மருந்தே நேரா அதைப் பெரிசா ஒண்ணும் பண்ணியிருக்காது. பட்டினி. உயிரோட இருக்கற வேர்லதான் அது சாப்பிடும். களையோட வேரா இருந்தாலும் அதுக்குப் போதும். பத்தொன்பது மாசம் அந்த வயல்ல ஒரு வேர்கூட உயிரோட இல்ல. வேலி ஓரத்துல களை இருந்தது, அதனால அங்கே பிழைச்சுது. கொஞ்சம் களை விட்டு வச்சிருந்தாக்கூட இவ்வளவு மோசமாகியிருக்காது. இந்த அளவுக்குச் சுத்தமா ஒரு வயலை நான் பாத்ததே இல்ல.”

எல்லாரும் லியோனியைப் பார்த்தார்கள். விடுதலையான முகமாக அது இல்லை. பதினான்கு வருடத்தில் எதைச் சரியாகச் செய்தோம் என்று நினைத்தாளோ, அதுவே குற்றமாக அவள் முன்னால் மேஜையில் கிடந்தது.

நெவில்தான் முதலில் வாய் திறந்தார். “ஒரு பச்சை கூடாதுன்னு சொன்னது நான்.”

“அடிச்சது நான்” என்றாள் லியோனி.

“சொன்னதாலதானே அடிச்ச.”

“பெருமையாத்தானே அடிச்சேன்.”

நெவில் தொப்பியைப் போட்டுக்கொண்டு கூட்டத்தை விலக்கிப் போனார். மன்னிப்புக் கேட்கவில்லை. நாலு நாள் கழித்துக் குவென்டா லியோனி வீட்டுக்கு வந்து ஒரு உறையைக் கொடுத்தாள். வக்கீலிடம் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டதாக உள்ளே இரண்டு வரி. குவென்டா வாசலிலேயே நின்றாள். “அன்னிக்குப் போட்டோ எடுத்தேனே, எடுத்திருக்கக் கூடாது” என்றாள். லியோனி அவளை உள்ளே கூப்பிட்டு டீ போட்டாள்.

அந்த வருடப் பயறு தேறவில்லை. ஜூடித் சொன்னபடி இலையில் துத்தநாகம் அடித்ததில் கொஞ்சம் பச்சை பிடித்தது, அவ்வளவுதான். வேலியோரத் துண்டில் அறுத்ததுதான் அறுவடை என்று சொல்லும்படி இருந்தது. லியோனியை விட்டுப்போன நாலு பேரில் இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். மற்ற இரண்டு பேர் கடைசிவரை வரவில்லை. விஷயம் எதுவாக இருந்தாலும் குறிப்பேட்டில் ஒரு கட்டம் காலியாக இருந்ததே என்று அவர்கள் சொன்னார்கள். லியோனி அதை மறுக்கவில்லை. வண்டியை விற்கவுமில்லை.

தானாகவே நெவிலிடம் போய்ப் பேசியதும் அவள்தான். செப்டம்பரில் ஒரு நல்ல மழைக்குப் பிறகு, ரயில் பாதை வயலில் பனிவரகு விதைத்து விடலாம் என்றாள். அறுப்பதற்கு இல்லை. வேருக்காக. ஐம்பது, அறுபது நாளில் கொன்றுவிட்டால் ஈரம் பெரிதாகப் போகாது, பூஞ்சைக்குச் சாப்பாடு கிடைக்கும்.

“நான் சேத்த ஈரத்தைப் பனிவரகுக்குக் குடுக்கறதா? உனக்குப் பைத்தியமா?” என்றார்.

“ரெண்டு வருஷம் சேத்தீங்களே. அதை வச்சு என்ன விளைஞ்சது?”

அரை மணி நேரம் சண்டை போட்டார்கள். கடைசியில் பாதி வயலுக்கு ஒப்புக்கொண்டார். லியோனியின் வண்டிக்கு விதைக்கிற வேலை கிடையாது. ரே சுரங்கத்தில் ஒரு வாரம் விடுப்பு எடுத்து, இரவல் வாங்கிய விதைப்பான் ஒன்றை ஓட்டினான். நவம்பர் நடுவில் பனிவரகு முழங்காலுக்கு வந்தபோது, அதைக் கொல்லும் நாளைக் குறிக்க லியோனியை வரச் சொன்னார் நெவில். நானும் ஒரு குழாய் இணைப்பைக் கொடுக்கப் போயிருந்தேன். மூன்று பேரும் பிக்கப்பின் பின்பலகையில் உட்கார்ந்து, குவென்டா கட்டிக்கொடுத்த உப்பிட்ட மாட்டிறைச்சி சான்ட்விச்சைச் சாப்பிட்டோம்.

“நாளைக்கு அடிச்சிடு. குடிச்ச தண்ணி போதும்” என்றார் நெவில்.

“இன்னும் ஒரு வாரம்.”

“மூணு நாள்.”

லியோனி இறங்கிப்போய் ஒரு செடியைத் தோண்டி, மண்ணை உதறிவிட்டு, வேரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வெறும் கண்ணுக்கு அதில் ஒன்றும் தெரியாது என்று எங்கள் மூவருக்கும் தெரியும். இருந்தாலும் நெவில் சான்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டு இறங்கிப்போய், அவள் பக்கத்தில் குனிந்து அவரும் பார்த்தார்.

“சரி, அஞ்சு நாள்” என்றாள் லியோனி. நெவில் தலையாட்டினார்.